நரசம்மாவின் கக்கூஸ்

உங்களுக்கெல்லாம் வேறு வேலையே இல்லையா? ஒரு கிழவி எங்கெங்கே போய் ஒன்றுக்கு இருந்தாள், எந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தது, எதற்கு இல்லை என்று தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்? கேட்கிறவளுக்கு வெட்கம் இல்லாவிட்டாலும் சொல்கிறவளுக்கு இருக்க வேண்டாமா? எனக்கு இருந்தது. ஐம்பது வருஷமாக இருந்தது. அதுதான் உள்ளே கல்லாகிப் போய், வயிற்றைக் கீறி எடுத்துப் போட்டார்கள். இப்போது வெட்கமும் இல்லை, கல்லும் இல்லை. ஆகையால் சொல்கிறேன். முகத்தைச் சுளிக்கிறவர்கள் எழுந்து போகலாம்.

எங்கள் ஊர் பருத்திப்பட்டு. ஏரிக்கரையில் பிறந்து ஏரிக்கரையில் வாழ்க்கைப்பட்டவளுக்குக் கக்கூஸ் என்று ஒன்று தேவைப்பட்டதே இல்லை. விடிவதற்கு முன்னால் ஒரு தரம், விளக்கு வைத்த பிறகு ஒரு தரம். நடுவில் வயிறு ஏதாவது கேட்டால் வயிற்றைத் திட்டி உட்கார வைப்போம். வெளியூர் போகிற நாள்தான் கஷ்டம். அதற்கும் எங்கள் வீடுகளில் ஒரு வழி உண்டு. நாளைக்குக் காலையில் பயணம் என்றால் இன்றைக்கு மத்தியானத்தோடு தண்ணீரை நிறுத்திவிடுவோம். குடிக்கிற சொம்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிடுவோம், கை தவறிப் போய் மொண்டு குடித்துவிடக் கூடாது என்று. "பட்டணம் போறியாமே, சொம்பு கவுத்துட்டியா?" என்றுதான் ஒருத்தியை ஒருத்தி விசாரிப்போம். எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவள் என் மாமியார். என் மருமகள் ருக்குவுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். பெரிய சொத்து, கைமாற்றிக் கொடுத்தேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பொங்கல் கழிந்து எனக்கு நீர்க்கடுப்பு வந்தது. முதலில் மிளகாய் அரைத்த கையால் தொட்ட மாதிரி எரிச்சல். இளநீர், வெந்தயம், நீராகாரம் எல்லாம் பார்த்தாயிற்று. பிறகு போகப் போக, பாதி போய்க்கொண்டிருக்கும்போதே யாரோ உள்ளேயிருந்து கதவைச் சாத்தின மாதிரி நின்றுவிடும். வலி முதுகுத்தண்டில் ஏறும். ஒரு நாள் காலை இருட்டில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. விடிந்த பிறகு புடவையைப் பார்த்தால் ரத்தம். அன்றைக்குத்தான் பயந்தேன். பயந்ததை யாரிடமும் சொல்லவில்லை. "வெத்தல எச்சில் பட்டுச்சு" என்று ருக்குவிடம் சொல்லிப் புடவையை நானே அலசினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். வெற்றிலை மென்று அங்கேயா துப்புவார்கள்?

பூந்தமல்லியில் ஒரு வைத்தியர் இருந்தார். அவரிடம் போனோம். யுத்தத்தால் பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓடின பஸ். குமணன்சாவடியில் நின்றால் மறுபடி கிளம்ப வெகு நேரம் ஆகும். அங்கேதான் எனக்குத் தாங்கவில்லை. சுற்றிலும் வண்டியும் மாடும் ஆம்பிளைகளும். நான் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற தினுசைப் பார்த்து, முன்பின் தெரியாத மூன்று பெண்கள் பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். ஒரு சுவர் ஓரமாக என்னை உட்கார வைத்து, முந்தானையை விரித்து மூன்று பக்கமும் மறைத்து, என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பேர் கேட்கவில்லை. ஊர் கேட்கவில்லை. எனக்கோ வரவில்லை. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறான்.

"இன்னாமே, கெணறா தோண்டுறே?" என்றாள் அவர்களில் ஒருத்தி, திரும்பாமலே.

"தோண்டிக்கினுதான் கீறேன். தண்ணி வரல" என்றேன்.

மூன்று பேரும் சிரித்தார்கள். முந்தானை குலுங்கியது. ஆனால் ஒருத்தியும் கையை இறக்கவில்லை. கூரை இல்லை, கதவு இல்லை, தண்ணீர் இல்லை. ஆனாலும் நான் பார்த்த இடங்களில் அதற்கு இரண்டாம் இடம் கொடுப்பேன்.

வைத்தியர் நாடி பார்த்து, நாக்கைப் பார்த்து, "கல்லடைப்பு மாதிரி தெரிது. எங்கையில ஆவாது. பட்டணத்துல பொம்பளைங்க ஆஸ்பத்திரிக்குப் போயிடு" என்று சொல்லிவிட்டார். கல்லடைப்பு என்றால், மூத்திரப் பையில் உப்பு படிந்து படிந்து கல்லாகி, வழியை அடைப்பது. வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாக ஏடு படிகிறதே, அந்த மாதிரி. பானையைத் தேங்காய் நாரால் தேய்த்துவிடலாம். என்னை எதைப் போட்டுத் தேய்ப்பது?

என் மகன் சின்னசாமிக்கு ரயில் பட்டறையில் வேலை. யுத்தக் காலத்தில் லீவு கேட்டால் முறைப்பார்கள். ஆகையால் ருக்குதான் கூட வந்தாள். அவளுக்கு அப்போது ஏழு மாசம், தலைப்பிள்ளை. தாய் இல்லாத பெண் என்பதால் பிரசவத்துக்குப் போக வேறு வீடு கிடையாது. நான் வேண்டாம் என்றேன். அவள், "உன்ன தனியா உட்டா நீ பண்ற கேலிக்கு ஆஸ்பத்திரிக்காரங்க வெளிய தொரத்திடுவாங்க அத்தே" என்றாள். முந்தின நாள் மத்தியானம் இரண்டு பேரும் சொம்பைக் கவிழ்த்தோம். ஏழு மாசக்காரி சொம்பைக் கவிழ்க்கலாமா என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஊரிலிருந்து ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் ஒரு பனந்தோப்பு உண்டு. முன்பெல்லாம் பெண்கள் அங்கே ஒதுங்குவோம். யுத்தம் வந்ததும் அங்கே சிப்பாய்களின் கூடாரங்கள் வந்துவிட்டன. ஆகவே நேராக ஸ்டேஷன். அங்கே பெண்களுக்கென்று ஒரு கக்கூஸ் இருந்தது. கதவு இருந்தது, தாழ்ப்பாள் இல்லை. ருக்கு வெளியே நின்று, கதவில் முதுகைச் சாய்த்துக்கொள்வாள். அவள் முதுகுதான் தாழ்ப்பாள். அன்றைக்கு நான் எரிந்து எரிந்து நாலு சொட்டு விட்டதோடு சரி. அடுத்து, பட்டணத்துப் பெரிய ஸ்டேஷன். மூன்றாம் வகுப்புப் பெண்கள் வரிசையில் நிற்க வேண்டும். தண்ணீர் தாராளமாக வந்தது, வெளிச்சம்தான் இல்லை. இருட்டில் எது தரை, எது பள்ளம் என்று காலால் தடவித்தான் போக வேண்டும். எனக்கு முன்னால் நின்றவள், "உள்ள போன அம்மா வெளிய வந்தாங்களா, இல்ல உள்ளயே ஊடு கட்டிக்கினாங்களா?" என்று கேட்டாள். இரண்டு தரம் கேட்டாள். அவளுக்கும் அவசரம்.

ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் நாற்பது பெண்கள் இருந்தார்கள். நான் ஒவ்வொருத்தி உதட்டையும் பார்த்தேன். வெடித்த உதடு, வறண்ட உதடு. எல்லாரும் எங்கோ ஒரு வீட்டில் சொம்பைக் கவிழ்த்துவிட்டு வந்தவர்கள்தான். யாரும் யாரிடமும் வியாதியைச் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த மாங்காட்டுக்காரி மட்டும், "உனுக்கு இன்னா?" என்று கேட்டாள். "கல்லு" என்றேன். "எனுக்கு கட்டி" என்றாள். பிறகு இரண்டு பேரும் மழை எப்போது வரும் என்று பேசினோம்.

டாக்டரம்மா ஒல்லியாக, மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, மெதுவாகப் பேசுகிறவர். வயிற்றை அழுத்திப் பார்த்தார். நான் கத்தவில்லை, பெஞ்சுக் கட்டையைப் பிடித்தேன். ஒரு கண்ணாடிக் குப்பியைக் கொடுத்து, "இதுல சிறுநீர் பிடிச்சிட்டு வாங்கம்மா. அதைப் பார்த்தால்தான் உள்ளே என்ன நடக்குதுன்னு தெரியும்" என்றார்.

வராந்தாக் கோடியில் இருந்தது நரசம்மாவின் கக்கூஸ். அவளுடையது என்று நான்தான் சொல்கிறேன். அதைக் கழுவுகிற வேலை அவளுக்கு. ஆந்திரப் பக்கத்துக்காரி, என் வயசு இருக்கும். உள்ளே போனதும் எனக்கு ஏதோ தப்பான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று சந்தேகம் வந்துவிட்டது. சுண்ணாம்பு அடித்த சுவர். உயரத்தில் ஒரு ஜன்னல், அதில் வெயில். மூடி போட்ட பீப்பாயில் தண்ணீர், மேலே தகரக் குவளை. பினாயில் வாசனை. தாழ்ப்பாள் உடைந்திருந்த இடத்தில் கம்பியை வளைத்து ஒரு கொக்கி மாட்டியிருந்தாள். இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. முதல் இடம் அதற்குத்தான். அன்றும் சரி, இன்றும் சரி.

அப்பேர்ப்பட்ட இடத்தில் உட்கார்ந்து எனக்கு ஒரு சொட்டு வரவில்லை. எங்கிருந்து வரும்? ஒரு நாள் முழுக்கக் காய்ந்த கிணறு. வெளியே பெண்கள் கதவைத் தட்டுகிறார்கள். காலிக் குப்பியோடு வெளியே வந்தேன். "இல்லையே டாக்டரம்மா" என்று நாற்பது பேருக்கு முன்னால் போய்ச் சொல்வதா? இன்னொரு நாள் வா என்பார்கள். மறுபடியும் சொம்பு, ரயில், இருட்டு. குப்பியை ருக்குவிடம் நீட்டினேன்.

"நீ போய் புடிச்சிக்கினு வா."

"ஐயோ அத்தே, அது தப்பில்ல?"

"தண்ணிக்கு இன்னா பேரா எழுதி வெச்சிக்கீது? போடி."

அவள் போனாள். வயிற்றுப் பிள்ளை அழுத்துகிற அழுத்தத்தில் அவளுக்கு வந்தது, பிடித்துக்கொண்டு வந்தாள். துடைப்பத்தோடு நின்ற நரசம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். "இன்னா பெரீம்மா, குப்பி ஒருத்தியுது, தண்ணி ஒருத்தியுதா?" என்று கேட்டாள்.

"ஒரே பானை சோறுதானே துன்றோம்" என்றேன்.

நான் எதைச் சொன்னாலும் யாராவது சிரிப்பார்கள். அவள் சிரிக்கவில்லை.

பக்கத்து அறையில் கதவு திறந்தே இருந்ததால் எல்லாம் தெரிந்தது. குப்பியிலிருந்து கொஞ்சம் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, சாராய விளக்கின் மேல் காட்டினார்கள். தெளிவாக இருந்த தண்ணீர் மேலே வெள்ளையாகத் திரிந்தது, பால் கெட்டுப்போன மாதிரி. டாக்டரம்மா அந்தக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி குழாயைப் பார்த்தார். கல்லைத் தேடப் போனவர் வேறு எதையோ கண்டுபிடித்திருந்தார். ரத்தத்தில் இருக்க வேண்டிய சத்து, முட்டை வெள்ளைக்கரு மாதிரியான ஒன்று, மூத்திரத்தில் இறங்குகிறதாம். உள்ளே வடிகட்டுகிற இடம் பழுதானால் அப்படி இறங்குமாம். குனிந்து என் கணுக்காலை விரலால் அழுத்தினார். என் கால் சுள்ளி. குழி விழவில்லை.

"தலை வலிக்குதா? கண் முன்னால மின்னுதா?"

"இல்லீங்க" என்றேன். அது உண்மை.

பக்கத்தில் நின்ற, டாக்டருக்குப் படிக்கிற பெண்ணிடம் அவர் சொன்னார்: "வயசானவங்களா இருக்கிறதால ஒரு வாரம் பார்க்கலாம். இதுவே கர்ப்பிணியா இருந்தா இன்னைக்கே படுக்க வெச்சிருப்பேன். திடீர்னு வலிப்பு வந்தா தாயும் போயிடும், குழந்தையும் போயிடும்."

என்னிடம் உப்பைக் குறைக்கச் சொன்னார், ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார். நான் தலையாட்டினேன். இப்போது கேளுங்கள், கேட்பதற்குத்தானே உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்த இடத்திலேயே என் காதில் விழுந்தது. என் பின்னால்தான் ருக்கு நின்றிருந்தாள். நான் திரும்பவில்லை. 'அது என்னுது இல்லீங்க' என்று மூன்று வார்த்தை. ஊரில் எந்தச் சபையிலும் எனக்கு வாய் அடைத்ததில்லை. அன்றைக்கு அடைத்தது. டாக்டரை ஏமாற்றிய கிழவி என்று நாற்பது பேரும் பார்ப்பார்களே என்று வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தேன்.

திரும்பும் ரயிலில் ருக்குவின் காலைப் பார்த்தேன். மெட்டி இல்லை. "எங்கடி?" என்றேன். "எறுகிச்சி அத்தே. சோப்பு போட்டு கழட்டி முடிஞ்சி வெச்சிக்கீறேன்" என்று முந்தானை முடிச்சைக் காட்டினாள். மூன்று நாளாகத் தலைவலி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வெயில் என்று நான் சொல்லியிருந்தேன். "கண்ணுல பூச்சி பறக்குற மாறி கீது" என்று இப்போது சொன்னாள். நான் ஜன்னல் வழியே வயலைப் பார்த்தேன். வீட்டுக்குப் போய் உப்பில்லாமல் பொங்கிப் போட்டால் சரியாகிவிடும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பாதி வழியில் எனக்கு மறுபடி முட்டியது. இறங்கினோம். அந்தச் சின்ன ஸ்டேஷன் கக்கூஸுக்கும் தாழ்ப்பாள் இல்லை. ருக்கு வழக்கம்போல் கதவில் முதுகைச் சாய்த்தாள். நான் உள்ளே பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் கதவு தானாகத் திறந்துகொண்டு வந்தது. முதலில் ஒரு விரல் அகலம், பிறகு ஒரு சாண். "ருக்கு" என்றேன். பதில் இல்லை. அதுவரைக்கும் அந்த முதுகு ஒரு தரம்கூட நகர்ந்ததில்லை.

எப்படிப் புடவையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன் என்று தெரியாது. அவள் சுவரோரம் தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மயக்கம் இல்லை. "ஒண்ணியும் இல்ல அத்தே, நீ போய் இரு, நான் புடிச்சிக்கறேன்" என்றாள். அவள் பாதத்தை விரலால் அழுத்தினேன், டாக்டரம்மா என் காலை அழுத்தின மாதிரியே. குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

"எந்திரி. திரும்பிப் போலாம்."

"எங்க?"

"ஆஸ்பத்திரிக்கு."

"இன்னாத்துக்கு?"

"ஒன் தண்ணிய ஒன் பேர்ல எழுதிட்டு வரலாம்."

எதிர்த் திசை ரயில் வருவதற்குள் எனக்கு ஒரு யுகம் போயிற்று. பொழுது சாயும் நேரம் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனால் வராந்தா காலி, கேட் மூடியிருந்தது. காவல்காரன், "பாக்கற நேரம் முடிஞ்சிடுச்சி, நாளைக்கி காலைல வா நைனா" என்றான். என்னை நைனா என்றான். அவ்வளவு களைப்பு அவனுக்கு. அந்த ஊரில் எனக்குத் தெரிந்தவர்கள் யார்? ஒரே ஒருத்தி. மதில் ஓரத்தில் உட்கார்ந்து துடைப்பங்களை அலசிக்கொண்டிருந்தாள்.

"நரசம்மா" என்றேன். காலையில் யாரோ அவளைக் கூப்பிட்டபோது கேட்ட பேர்.

வந்தாள். கேட்டுக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அந்தக் குப்பியைப் பற்றி நான் சொன்ன முதல் உண்மை அதுதான். அவள் ருக்குவின் முகத்தைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள்.

"காலைலயே கேட்டனே பெரீம்மா" என்றாள். அவ்வளவுதான். கழுவுகிறவர்கள் போய்வருகிற பின்வாசல் ஒன்று இருந்தது. அதன் வழியாக எங்களைக் கூட்டிக்கொண்டு போய் டாக்டரம்மா இருந்த வார்டு வாசலில் நிறுத்தினாள்.

நான் சொன்னேன். டாக்டரம்மா என் பேச்சு முடியும்வரைகூட நிற்கவில்லை. ருக்குவைப் படுக்க வைத்து, கையில் துணிப்பட்டை கட்டி, ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கி ரத்தத்தின் அழுத்தத்தைப் பார்த்தார். அளவுக்கு மேல் இருந்ததாம். உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். பிறகுதான் என்னிடம் வந்தார். திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஏம்மா, காலைல தண்ணி குடிக்காமலா வந்தீங்க?"

"குடிச்சா எங்கம்மா போறது?" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நரசம்மாவைப் பார்த்தார். நரசம்மா தரையைப் பார்த்தாள்.

ருக்குவை ஜன்னலுக்குத் திரை போட்ட அறையில் வைத்திருந்தார்கள். வெளிச்சம் கூடாது, சத்தம் கூடாது, உப்பு கூடாது. தூக்க மருந்தும் கஞ்சியும்தான். என்னையும் இரண்டு நாளில் வேறு வார்டில் சேர்த்தார்கள். படம் எடுத்ததில் கல் தெரிந்தது, கொட்டைப்பாக்கு அளவு. மூக்கில் மயக்க மருந்து வைத்து அடிவயிற்றைக் கீறி எடுத்தார்கள். கண் விழித்தால் வயிற்றிலிருந்து ஒரு ரப்பர் குழாய் புறப்பட்டுக் கட்டிலுக்குக் கீழே ஒரு ஜாடியில் போய் முடிந்தது. புண் ஆறும்வரை அதுதான் வழி. எனக்கென்று ஒரு சொந்தக் கக்கூஸ், நடக்கவே வேண்டாம். இதை நர்ஸம்மாவிடம் சொன்னேன். சிரித்தால் தையல் பிரியும் என்று என்னை அதட்டிவிட்டு அவர் சிரித்தார்.

ஆனால் விளக்கை அணைத்த பிறகு சிரிப்பு வராது. அந்தப் பக்கக் கட்டடத்தில் ருக்கு எப்படி இருக்கிறாள் என்று தெரியாது. எழுந்து போக முடியாது. வராந்தாவில் யாராவது ஓடினால் அவளுக்காகத்தான் ஓடுகிறார்களோ என்று இருக்கும். ஜாடியில் சொட்டு விழுகிற சத்தத்தை எண்ணிக்கொண்டிருப்பேன். மூன்று வார்த்தை. ரயில் ஏறுவதற்கு முன்னால் சொல்லியிருக்கலாம். ரயிலில் சொல்லியிருக்கலாம். கதவு மட்டும் திறக்காமல் இருந்திருந்தால் சொல்லியே இருக்கமாட்டேன். இதை நினைத்துத்தான் தூங்காமல் இருந்தேன். மற்றவர்கள் வலியினால் என்று நினைத்தார்கள்.

மணிக்கு ஒரு சொம்பு தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது உத்தரவு. ஒரு மத்தியானம் ஆயாவைக் காணோம், தொண்டை ஒட்டிக்கொண்டது. ஜாடி எடுக்க வந்த நரசம்மாவிடம் கேட்டேன். அவள் பானைப் பக்கம் போய்விட்டு, தொடாமல் நின்றாள்.

"கையக் கழுவிட்டேன் பெரீம்மா. ஆனா..."

எங்கள் ஊரில் அவள் கையால் வாங்கிக் குடித்தால் வருஷக்கணக்கில் பேச்சு இருக்கும். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"இந்த வார்டுலயே நெறைய தரம் கழுவுன கை ஒன்னுதுதான். ஊத்துமே" என்றேன்.

ஊற்றினாள். குடித்தேன். அன்றிலிருந்து ஜாடி எடுக்க வரும்போதெல்லாம் ருக்குவைப் பார்த்துவிட்டு வந்து சேதி சொல்வாள். "இன்னிக்கி வீக்கம் கொறஞ்சிது." "இன்னிக்கி தலைவலி இல்லியாம்." ஒரு நாள் ஒன்றும் சொல்லாமல் ஜாடியை எடுத்துக்கொண்டு போனாள். அன்றைக்கு நான் கேட்கவில்லை.

சின்னசாமி வேலை விட்டு வருவான். இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் உள்ள வேப்ப மரத்தடியில் நிற்பான், எந்தப் பக்கம் முதலில் போவது என்று தெரியாமல். நான் கையை ஆட்டி அந்தப் பக்கம் விரட்டுவேன். ஊர்ப் பெண்கள் அவனிடம் வடாமும் ஊறுகாயும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள், அத்தனையும் உப்பு. "நீ துன்னுடா" என்றேன். வேண்டாம் என்று, அடுத்த கட்டிலில் சேர்ந்திருந்த மாங்காட்டுக்காரிக்குக் கொடுத்துவிட்டான். அத்தனை நாளும் வீட்டில் அவனும் உப்பில்லாத கஞ்சிதான் குடித்தான் என்பது எனக்கு வெகு நாள் கழித்துத் தெரிந்தது. அவனாகச் சொல்லவில்லை, காலியாகாத உப்புப் பானை சொல்லிற்று.

குழாயை எடுத்த அன்று, இனி நானாகப் போக வேண்டும் என்றார்கள். ஜாடியில் போகமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் அடிவயிற்றைத் தாங்கிக்கொண்டு, அந்த வராந்தாக் கோடிக்கு நடந்தேன். வழியெல்லாம் பயம், கல்லைப் பற்றி அல்ல. விடியற்காலையிலேயே ருக்குவைப் பிரசவ அறைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். இன்னும் மாசம் ஆகவில்லை. நரசம்மாவைக் காணவில்லை. உள்ளே போய்க் கொக்கியை மாட்டினேன். உட்கார்ந்தேன். ஜன்னலில் வெயில் இருந்தது.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு வந்தது. எரியவில்லை. நடுவில் நிற்கவில்லை. மழைத் தண்ணீர் ஓடுகிற மாதிரி ஓடிற்று.

அப்போது வெளியே ஈரக் காலடி கேட்டது. யாரோ கதவில் சாய்ந்தார்கள். கொக்கி இருந்தும் சாய்ந்தார்கள்.

"பெரீம்மா, உள்ள கீறியா?"

"கீறேன்."

"பொண்ணு."

கையிலிருந்த குவளையைக் கீழே வைத்தேன்.

"பூனைக்குட்டி மாறி கீது. பஞ்சில சுத்தி வெச்சிக்கீறாங்க. ஆனா கத்துது பெரீம்மா, ஒன்ன மாறியே கத்துது."

"ருக்கு?"

"தண்ணி கேட்டுச்சி. நான்தான் ஊத்துனேன்."

நான் வெகு நேரம் வெளியே வரவில்லை. வெளியே வரிசை சேர்ந்துவிட்டது. ஒருத்தி கதவைத் தட்டினாள். "கொஞ்சம் பொறுமே, பெரீம்மா வருவாங்க" என்று நரசம்மா சொல்வது கேட்டது. நான் அழுத இடம் அது. வேறு எங்கேயும் அழவில்லை.

குழந்தை பிழைக்குமா என்று வெகு நாள் தெரியாமல்தான் இருந்தது. சொட்டுச் சொட்டாகப் பால் விட்டு வளர்த்தார்கள். வேப்பம்பூ உதிரும் காலத்தில் மூன்று பேரும் வீடு வந்து சேர்ந்தோம். கல்லை ஒரு சின்னப் புட்டியில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஊரே வந்து பார்த்தது. குழந்தையை ஒரு பார்வை, கல்லை ஒன்பது பார்வை.

பயணம் போகிறவள் எவளாவது கேட்டால் சொன்னேன்: சொம்பைக் கவிழ்க்காதே. குடித்துவிட்டுப் போ. பெரிய ஸ்டேஷனில் இறங்கினதும் வலது ஓரத்துக் கதவு, அங்கே மட்டும் மேலே ஓட்டை வழியே வெளிச்சம் விழும். டிராம் இறங்குகிற இடத்தில் கோயில் பின்னால் ஒரு கிழவி வீட்டில் கேட்டால் விடுவாள். வேறு வழி இல்லாவிட்டால் மூன்று பெண்களைக் கூப்பிடு, வருவார்கள். சில பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். திருப்பிக்கொண்டவர்கள்தான் பிறகு தனியாக வந்து, வலது ஓரமா, இடது ஓரமா என்று மறுபடி கேட்டார்கள்.

எதிர் வீட்டுக் கோவிந்தம்மாவுக்கு மட்டும் அதெல்லாம் போதவில்லை. அன்றைக்கு அவள் தம்பியும் அந்தச் சின்ன ஸ்டேஷனில் நின்றிருக்கிறான். "ஊட்டுக்கு வர்ற ரயில்ல வந்தவ, பாதியில எறங்கி மறுபடி பட்டணம் போனியாமே. இன்னாத்துக்குப் போனே?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். உண்மையைச் சொன்னால் ருக்குவுக்கு நோய்க்காரி என்று பேர் வைப்பார்கள், குழந்தைக்கு ஒரு பட்டம் கட்டுவார்கள். அதெல்லாம் ருக்குவே சொல்லலாம் என்று சொல்கிற வரையில் என் வாயிலிருந்து வராது என்று வைத்திருந்தேன். இப்போது அவள் சொல்லச் சொன்னாள், உங்களிடம் சொன்னேன்.

அன்றைக்குக் கோவிந்தம்மாவிடம் சொன்னது வேறு.

"அந்த ஆஸ்பத்திரி கக்கூஸ் அவ்ளோ நல்லா இருந்துச்சி. இன்னொரு தரம் பாத்துட்டு வந்துடலாம்னு திரும்பிப் போனேன்" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். கோவிந்தம்மாவும் சிரித்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டாள். ஊரில் ஒருத்தியும் நம்பவில்லை. பாதி உண்மை அது.